கல்யாணப் பாத்திரம் எடுக்கத் திருவனந்தபுரம் சாலைக்கு

கன்னியாகுமரி மாவட்டத்துக் குழித்துறைப் பக்கத்தில் பாத்திரம், பூஜைச் சாமான், மளிகை மொத்தமாக எடுக்க வேண்டும் என்றால் பெரியவர்கள் இன்னும் "சாலைக்குப் போயிட்டு வா" என்றுதான் சொல்வார்கள். திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெரு. இன்று அது அடுத்த மாநிலம். 1956 நவம்பர் 1 வரை நாங்களும் அவர்களும் ஒரே அரசின் கீழ் இருந்தவர்கள். மெல்பேர்னிலிருந்து விடுமுறைக்கு வந்த நான், தங்கை மகள் கல்யாணத்துக்குச் சீர்ப் பாத்திரம் எடுக்க மைனியோடு போனேன்.

காரில் போகாதீர்கள், நிறுத்த இடம் கிடைக்காது. ரயிலில் போய், திருவனந்தபுரம் சென்ட்ரல் ஸ்டேஷன் இருக்கும் தம்பானூரில் இறங்கி, பழவங்காடிப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு நடந்தால் 'கிழக்கே கோட்டை' (ஈஸ்ட் ஃபோர்ட்) என்ற இடம். அங்கிருந்து கிள்ளிப்பாலம் வரை தெரு நீள்கிறது.

இதை அமைத்த திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் எங்கள் விளவங்கோட்டுக் குன்னத்தூரில் 1745இல் பிறந்தவர். சிறுவயதில் ஒரு வணிகரின் கடையில் கணக்கு எழுதியவர் என்பார்கள். சந்தை எங்கே அமைந்தால் சரக்கு வந்து சேரும் என்று அவருக்குத் தெரிந்ததில் வியப்பில்லை. தலைநகரம் 1795இல் பத்மநாபபுரத்தை விட்டுத் திருவனந்தபுரம் வந்தது. அரண்மனை, கோயில், படை எல்லாம் ஓரிடத்தில் கூடினால் சோற்றுக்கு நெல் வேண்டுமே! அது நாஞ்சில்நாட்டிலிருந்து வண்டி வண்டியாகக் கரமனை ஆற்றைத் தாண்டி வந்தது. நெல்லோடு தமிழ் வியாபாரிகளும் வந்து தங்கினார்கள். நவராத்திரிக்குக் குமாரகோயில் முருகன் ஊர்வலமாக வந்து தங்குவதும் இந்தத் தெருவோரத்து ஆரியசாலைக் கோயிலில்தான். ஓணத்துக்குத் தோவாளைப் பூ இன்றைக்கும் இதே வழியில் போகிறது.

சரி, பாத்திரக் கடைக்கு வருகிறேன். உருளி கேட்டதும் கடைக்கார அண்ணாச்சி இரண்டை எடுத்து வைத்தார். பார்வைக்கு ஒரே மாதிரி. "எக்கா, விலை அப்புறம் பேசலாம், முதல்ல தட்டிப் பாருங்க" என்றார். விரல் முட்டியால் தட்டினேன். ஒன்று டக்கென்று அடங்கியது. மற்றது கணீரென்று எழுந்து, கை விளிம்பில் படும்வரை ஓயவில்லை. அது வெண்கலம், செம்பும் வெள்ளீயமும் சேர்த்து வார்த்தது. முதலாவது பித்தளை. வெண்கலம் கேரளத்து மான்னார் ஊரில் வார்த்தது என்றார். பிறகு கவிழ்த்து, அடியில் வார்ப்புத் துளை இல்லை என்று வெளிச்சத்தில் காட்டினார். மைனி கொண்டு வந்த பழைய செம்புப் பானையைத் தராசில் வைத்து, எடைக்குக் காசு கழித்து, பில்லிலும் தனி வரியாக எழுதிக் கொடுத்தார். பெரிய ஏசிக் கடைகளில் எனக்கு இந்தக் கவனிப்பு கிடைத்ததில்லை. அங்கே விற்பவருக்குச் சரக்கு தெரியாது, ஸ்டிக்கரில் இருப்பதை வாசிப்பார். இங்கே தலைமுறையாக ஒரே சரக்கை விற்பவர்கள் இருக்கிறார்கள்.

தமிழிலேயே பேசி வாங்கலாம். கிட்டத்தட்ட எல்லாக் கடையிலும் க்யூஆர் அட்டை உண்டு; வெளிநாட்டு சிம் வைத்திருப்பவர்கள் ரொக்கம் எடுத்துப் போங்கள், எனக்கு மைனியின் போன்தான் கைகொடுத்தது. கனமான சாமானை ஆட்டோ வரை கொண்டுபோக ஆளைக் கடையிலேயே ஏற்பாடு செய்கிறார்கள், கூலியை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். ஆற்றுகால் பகவதி கோயிலில் பெண்கள் கூடிப் பொங்கலிடும் பொங்காலைத் திருவிழாச் சமயத்தில் மண்பானை வாங்கும் கூட்டம் தெருவை அடைத்துவிடும்; அந்த வாரம் வேண்டாம்.

ஒரு குறை மட்டும் எனக்கு ஆற்றவில்லை. மணிக்கணக்கில் சாமான் பார்க்கும் பெண்களுக்கு நாங்கள் நடந்த தூரத்தில் சுத்தமான கழிப்பறை ஒன்றும் கண்ணில் படவில்லை. மைனிக்குச் சர்க்கரை வியாதி. பாதி லிஸ்ட்டை விட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு ஓட வேண்டியதாயிற்று. இருநூறு ஆண்டுக்கு மேல் ஊரையே தாங்கும் தெருவுக்கு மாநகராட்சி இதைச் செய்துதர வேண்டும். வயதானவர்களோடு போகிறவர்கள் தம்பானூரிலேயே முடித்துக்கொண்டு, கடைகள் திறந்ததும் காலையிலேயே போய்விடுங்கள்.