எலக்ட்ரான் ஒட்டுறவுத் தொகையீடுகள்: லாப்லாஸ் விரிவா, ஹில்லராஸ் வழியா, காஸியனா?

ஹீலியத்தின் தரைநிலை ஆற்றல் −2.903724 ஹார்ட்ரீ (அணு அளவிலான ஆற்றல் அலகு). ஒவ்வொரு எலக்ட்ரானும் மற்றவற்றின் சராசரிப் புலத்தை மட்டும் உணர்வதாகக் கொள்ளும் ஹார்ட்ரீ–ஃபாக் முறை −2.861680-இல் நின்றுவிடும். மிச்சமுள்ள 0.042 எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தவிர்ப்பதால், அதாவது ஒட்டுறவால், வருவது. அதைப் பிடிப்பதில்தான் வழிகள் பிரிகின்றன.

ர₁, ர₂ என்பவை கருவிலிருந்து எலக்ட்ரான்களின் தூரங்கள், ர₁₂ அவற்றுக்கு இடையிலான தூரம். 1/ர₁₂-ஐ லெஜாண்டர் பல்லுறுப்புக்கோவைகளாக விரிப்பது (லாப்லாஸ் விரிவு) பாடநூல் வழி. கோணப்பகுதி தனியே கழன்றுவிடும்; ஸ்லேட்டர் சார்புகளுக்கு (தூரத்தோடு அடுக்குக்குறியாகத் தேய்பவை) ஆரப்பகுதியும் முடிவுள்ள கூட்டல்தான். தொகையீடு மலிவு, விடைதான் மெதுவாக வரும். கோண உந்தம் 0 உள்ள எஸ் அலைகள் மட்டும் போட்டால் −2.879029, பி சேர்த்தால் −2.900516, டி சேர்த்தால் −2.902767. அதன்பின் கோண உந்தத்தின் எல்லையை இரு மடங்காக்கினாலும் பிழை சுமார் எட்டில் ஒன்றாகத்தான் குறையும். எலக்ட்ரான்கள் சந்திக்குமிடத்தில் அலைச்சார்புக்கு ஒரு கூர்முனை உண்டு (கேட்டோ, 1957). மழமழப்பான ஆர்பிட்டால் பெருக்கங்களால் அதை வரைய முடியாது.

ஹில்லராஸ் 1929-இல் ர₁₂-ஐயே அலைச்சார்புக்குள் வைத்தார். அந்த வழியின் அடுக்குக்குறி வடிவத்துக்கு ஒரே ஒரு மூலத் தொகையீடு போதும். ர₁, ர₂, ர₁₂ ஆகியவற்றின் தேய்வு எண்கள் முறையே அ, ஆ, இ. தொகைக்குள் ர₁, ர₂, ர₁₂ மூன்றாலும் வகுத்தும் இருக்கிறது என்றால்:

16π² / [(அ+ஆ)(ஆ+இ)(இ+அ)]

அ-வைப் பொறுத்து ஒருமுறை வகையிட்டுக் குறியை மாற்றினால் ர₁-இன் படி ஒன்று கூடும். சரிபார்க்க: இ=0 என வைத்து, அ, ஆ இரண்டைப் பொறுத்தும் ஒவ்வொரு முறை வகையிட்டு, அ=ஆ=2க (க = கருமின்னூட்டம்) போட்டு, இயல்நிலைப்படுத்தும் க⁶/π²-ஆல் பெருக்குங்கள். 5க/8 வர வேண்டும். வராவிட்டால் நிரலில் பிழை.

உயர்படிகளுக்குக் கையால் வகையிட வேண்டாம். மீள்தொடர் வாய்பாடு (சாக், ரூத்தான், கோவோஸ், 1967) இருக்கிறது. அதில் உறுப்புகள் எல்லாம் நேர்மமானவை, கழித்தலே இல்லை, இலக்கங்கள் கரையாது. இ எதிர்மமாக இருக்கலாம், ஆனால் இரண்டிரண்டாகக் கூட்டினால் நேர்மமாக வர வேண்டும். இல்லையேல் தொகையீடு விரியும். உண்மையான தலைவலி வேறிடத்தில்: அடித்தளச் சார்புகள் (அலைச்சார்பைக் கட்டும் உறுப்புகள்) ஏறக்குறைய ஒன்றையொன்று சார்ந்துவிடுவதால் இரட்டைத் துல்லியம் சீக்கிரமே போதாமல் போகும். நான்மடங்குத் துல்லியத்தில் தொடங்குவதே நல்லது.

மூன்று எலக்ட்ரான் உள்ள லித்தியத்தில் கதை மாறுகிறது. எலக்ட்ரான்களுக்கு இடையிலான மூன்று தூரங்களில் ஏதாவது ஒன்றின் படி இரட்டையாக இருந்தால் விரிவு முடிவுறும். மூன்றும் ஒற்றையானால் முடிவிலித் தொடர். ஃப்ரோம், ஹில் இருவரும் 1987-இல் மூடிய வடிவம் தந்தார்கள். அழகான வேலை, ஆனால் அப்படியே நிரலாக்கினால் அடி வாங்குவீர்கள்: தனி உறுப்புகள் சில இடங்களில் வெடித்து ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், அதில் வரும் இருமடி மடக்கைச் சார்பின் (டைலாகரிதம்) எந்தக் கிளையில் நிற்கிறோம் என்றும் கண்காணிக்க வேண்டும். ஹாரிஸ் 1997-இல் அந்தக் கண்காணிப்பைத் தேவையற்றதாக்கினார். ஹில்லராஸ் வகைச் சார்புகளுக்கு, பச்சுக்கி, புச்சால்ஸ்கி, ரெமிடி ஆகியோரின் 2004 மீள்தொடர்களே என் தேர்வு.

நான்கு எலக்ட்ரானிலிருந்து ஒட்டுறவுக் காஸியன்தான் (பாய்ஸ், சிங்கர், 1960): இடைத்தூரங்களின் வர்க்கங்களும் அடுக்கில் வரும் சார்பு. எத்தனை எலக்ட்ரானானாலும் மேற்பொருந்தல் (இரு சார்புகளின் பெருக்கத்தின் தொகையீடு) ஒரே வாய்பாடு: π-இன் எலக்ட்ரான் எண்ணிக்கைப் படியை அடுக்கெண் அணியின் அணிக்கோவையால் வகுத்து 3/2 படிக்கு உயர்த்தினால் போதும். கூர்முனை இதிலும் இல்லை, வால்பகுதியும் அவசரமாகத் தேய்கிறது. அதனால் ஆற்றல் நன்றாக வந்த பின்னும் ர₁₂=0-இல் உள்ள டெல்டா சார்பின் சராசரி (இரு எலக்ட்ரான்கள் ஒரே புள்ளியில் இருக்கும் நிகழ்தகவு அடர்த்தி) பின்தங்கியே நிற்கும். பெரிலியத்தில் உறுப்புக்கு 10 அடுக்கெண்களை உகப்பாக்க வேண்டும், 24 வரிசைமாற்றங்கள் வேறு. கணினி நேரம் தொகையீட்டில் அல்ல, இந்த உகப்பாக்கத்திலும் வரிசைமாற்றங்களிலும்தான் போகிறது.