காங்கிரஷனல் செமட்டரி, வாஷிங்டன் டிசி: ஒரு கல்லுக்காகவே போகலாம்

டிசி வந்தா எல்லாரும் மியூசியம், வெள்ளை மாளிகை வாசல்ல செல்ஃபி, அவ்ளோதான். என் மச்சான் சனிக்கிழமை காலைல இங்க இழுத்துட்டு வந்தான், லீவு போட்டு வந்து கல்லறைய சுத்திப் பாக்கணுமான்னு வீட்டம்மா வழியெல்லாம் ஒரே பாட்டு. 1807ல ஆரம்பிச்ச இடம், என்ட்ரி ஃப்ரீ. மெம்பர்ஷிப் கட்டுனவங்க நாயை அவுத்து விட்டு நடக்கலாமாம், அதனால கல்லறைன்னு நெனச்சு போனா பார்க் மாதிரி கலகலன்னு இருக்கு.

சுத்திக் காட்டுன தன்னார்வலர் அம்மா நல்லா சொன்னாங்க, செனட்டர் கதையெல்லாம் எனக்கு ஒரு காதுல வாங்கி மறு காதுல போயிடுச்சு, ஆனா லியனார்ட் மாட்லோவிச் கல்லு முன்னாடி வந்ததும் நின்னுட்டேன். நம்மூர் நடுகல்லுல வீரன் பேரும் அவன் செஞ்சதும் இருக்கும்ல, இதுல பேரு இல்ல, 'ஒரு கே வியட்நாம் வெட்டரன்'னு மட்டும் இருக்கு, அதாவது வியட்நாம் போருக்குப் போன, தன்பாலீர்ப்புள்ள முன்னாள் ராணுவ வீரன். அதுக்குக் கீழ, நான் ராணுவத்துல இருந்தப்போ ரெண்டு ஆம்பளைங்கள கொன்னதுக்கு மெடல் குடுத்தாங்க, ஒருத்தன நேசிச்சதுக்கு டிஸ்சார்ஜ் (வேலை நீக்கம்) குடுத்தாங்கன்னு.

மனுஷன் விமானப்படை சார்ஜென்ட், பிரான்ஸ் ஸ்டார் (வெண்கல நட்சத்திரம்), போர்ல காயம் பட்டவங்களுக்குக் குடுக்குற பர்ப்பிள் ஹார்ட்னு ரெண்டு மெடலும் வாங்குனவர். 1975ல நான் கேன்னு மேலதிகாரிகிட்ட தானே லெட்டர் எழுதிக் குடுத்துட்டார், டைம் பத்திரிகை அட்டைல படமே வந்துச்சு. இனிமே அப்படி இருக்க மாட்டேன்னு கையெழுத்து போட்டா வேலைல இருக்கலாம்னாங்களாம், முடியாதுன்னுட்டார், அனுப்பிட்டாங்க. கேஸ் போட்டு 1980ல 1,60,000 டாலருக்கு செட்டில் ஆச்சு. 1988ல எய்ட்ஸ்ல போயிட்டார். அப்புறம் 1993ல வந்த சட்டம் என்னன்னா, நாங்க கேக்க மாட்டோம் நீயும் சொல்லாத, சொன்னா வீட்டுக்குப் போ. ஒளிஞ்சு வாழச் சொல்றதுக்குப் பேரு சலுகையா? அந்தச் சட்டத்துல மட்டும் 13,000 பேருக்கு மேல வேலை போச்சு, 2011 செப்டம்பர்ல தான் அது ஒழிஞ்சுது.

இதுல ஒரு குசும்பு இருக்கு. அதே வரிசைல கொஞ்சம் தள்ளி அமெரிக்க உளவு போலீஸ் எஃப்பிஐக்குத் தலைவரா இருந்த ஹூவர் படுத்திருக்கார், கே ஆளுங்கள தேடித் தேடி ஃபைல் போட்டவர். மாட்லோவிச் உயிரோட இருக்கும்போதே இடத்தப் பாத்து வாங்கி கல்லையும் வச்சிட்டுத்தான் போனார். அவர் பக்கத்துலயே இடம் வேணும்னு வேற கே வெட்டரன்களும் வாங்கிப் படுத்திருக்காங்க, அந்த மூலைய மட்டும் பாக்கவே எங்களுக்கு அரைமணி நேரம் ஆச்சு.

அஞ்சுக்கு அஞ்சு. பொட்டோமாக் அவென்யூ மெட்ரோல எறங்குனா நடந்துடலாம். டூர் நேரம் சீசனுக்கு மாறும், பாத்துட்டு கெளம்புங்க, தண்ணி பாட்டில் மறக்காதீங்க. நாய்னா பயம் இருக்கறவங்க யோசிச்சுக்கங்க, வீட்டம்மா பாதி நேரம் என் முதுகுக்குப் பின்னாடி தான் இருந்தாங்க.