டொயோட்டா தானியங்கி கியர்பாக்ஸுக்கு மாற்று ஆயில்: எந்தக் கேனை வாங்கலாம்?

டொயோட்டாவின் தானியங்கி கார்களில் பல, நம் ஊரில் ஓடும் இன்னோவா கிரிஸ்டா ஆட்டோமேட்டிக் உட்பட, 'ஏடிஎஃப் டபிள்யூஎஸ்' என்ற வகை ஆயிலையே கேட்கின்றன (ஏடிஎஃப் என்றால் தானியங்கி கியர்பாக்ஸ் ஆயில்). கம்பெனி ஆயிலையே வாங்க வேண்டுமா, வெளிக்கம்பெனி கேன் ஒன்றை நம்பி ஊற்றலாமா என்பது, கார் பழையதாகி உத்தரவாதம் முடிந்ததும் எல்லோருக்கும் எழும் கேள்வி. எங்கள் கிரிஸ்டாவுக்காக இரண்டு வகைகளையும் பார்த்த பின் எழுதும் மதிப்பீடு இது.

எஞ்சின் ஆயிலை வாங்கும் பழக்கத்தில் கியர்பாக்ஸ் ஆயிலை வாங்கப் போனால் தடுமாற நேரிடும். எஞ்சின் ஆயில் முதன்மையாக உராய்வைக் குறைத்தால் போதும். தானியங்கி கியர்பாக்ஸில் இருக்கும் ஆயிலோ டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஆயில் மூலம் இணைக்கும் பாகம்) வழியாக எஞ்சினின் சுழற்சியைக் கடத்த வேண்டும். வால்வுகளுக்கு அழுத்தம் தர வேண்டும். பற்சக்கரங்களைத் தேயாமல் காக்க வேண்டும். அதே நேரத்தில் கிளட்ச் தட்டுகள் ஒன்றையொன்று பற்றும்போது தேவையான அளவுக்கு உராய்வு இருக்கவும் விட வேண்டும். இந்தக் கடைசி வேலைக்குத்தான் ஒவ்வொரு தயாரிப்பாளரும் தனித்தனிக் கலவையை வகுத்தார்கள். ஒரு காலத்தில் அமெரிக்க ஆயில்களில் இதற்குத் திமிங்கில எண்ணெய் கலந்தார்கள் என்பதும், 1970-களின் தொடக்கத்தில் அது தடை செய்யப்பட்ட பிறகே செயற்கைச் சேர்மங்களுக்கு முழுமையாக மாறினார்கள் என்பதும் பலருக்கு வியப்பாக இருக்கலாம்.

டபிள்யூஎஸ் ஆயிலின் முக்கியத் தன்மை அதன் மெலிவு. 100 டிகிரி வெப்பத்தில் அதன் பாகுநிலை ஏறத்தாழ 5.5 சென்டிஸ்டோக்ஸ் (பாகுநிலையின் அலகு; எண் குறைந்தால் ஆயில் மெலிவு), முந்தைய தலைமுறை ஆயில்களான டொயோட்டாவின் டி-4, ஜெனரல் மோட்டார்ஸின் டெக்ஸ்ரான்-3 ஆகியவை அதே வெப்பத்தில் 7-ஐ ஒட்டி அல்லது அதற்குச் சற்று மேலே இருப்பவை. எரிபொருள் சிக்கனத்துக்காக மெலிய ஆயிலைத் தேர்ந்த டொயோட்டா, வால்வுகளையும் கட்டுப்பாட்டுக் கணினியையும் அதற்கேற்ப அமைத்திருக்கிறது. டி-4 ஆயிலும் டபிள்யூஎஸ் ஆயிலும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல என்பதே அதன் நிலைப்பாடும்கூட. எனவே 'சிவப்பாக இருக்கிறது, ஆட்டோமேட்டிக் ஆயில்தானே' என்று கடைக்காரர் எடுத்துத் தரும் கேனை வாங்கி வருவது சரியல்ல. சிவப்பு வெறும் சாயம். கசிவு ஏற்பட்டால் எஞ்சின் ஆயிலிலிருந்து பிரித்து அறிவதற்கானது.

முதலில் கம்பெனி ஆயில். இதைப் பற்றிக் குறை சொல்ல அதிகம் இல்லை. மாற்றியதும் இரண்டிலிருந்து மூன்றாவது கியருக்குப் போகும் இடத்தில் இருந்த சிறு இழுப்பு மறைந்தது. ஏர் கண்டிஷனர் ஓட, சென்னை நெரிசலில் ஊர்ந்து போகும்போதும் கியர் மாறுவது தெரியவில்லை. ஆனால் இந்த முன்னேற்றத்தை முழுவதும் அந்தக் கேனின் கணக்கில் எழுத நான் தயாராக இல்லை, ஏனெனில் பல ஆண்டு வெப்பத்தில் உழைத்துக் கறுத்த ஆயிலை வடித்துவிட்டு ஏற்ற வகையில் எந்தப் புது ஆயிலை ஊற்றினாலும் ஓரளவு மென்மை திரும்பத்தான் செய்யும். இதன் உண்மையான பலம் வேறு. டபிள்யூஎஸ் தரத்துக்கு டொயோட்டா வெளிக்கம்பெனிகளுக்கு உரிமம் வழங்குவதில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 2005-ல் கொண்டுவந்த டெக்ஸ்ரான்-6 தரத்துக்கு உரிமம் உண்டு. கேனில் உரிம எண் அச்சிடப்பட்டிருக்கும். டபிள்யூஎஸ்ஸுக்கு அப்படி எதுவும் இல்லை. ஆகையால் வேறு எந்தக் கேனில் 'டபிள்யூஎஸ்ஸுக்குப் பொருந்தும்' என்று எழுதியிருந்தாலும், அது அந்தக் கேனைத் தயாரித்தவர் தாமே கொடுக்கும் வாக்கு மட்டுமே. டொயோட்டா சோதித்துக் கொடுத்த சான்று அல்ல. அந்த வாக்கை ஏற்பதா என்பது, வாக்குக் கொடுப்பவர் யார் என்பதைப் பொறுத்தது.

அந்த வகையில் நான் மதிப்பது வால்வோலின் நிறுவனத்தின் மேக்ஸ்லைஃப் ஆயிலை. இது முழுச் செயற்கை ஆயில். 100 டிகிரியில் இதன் பாகுநிலை 6-ஐ ஒட்டி நிற்கிறது. டபிள்யூஎஸ்ஸைவிடச் சற்றுக் கனம், பழைய டெக்ஸ்ரான்-3-ஐவிடத் தெளிவாக மெலிவு. டெக்ஸ்ரான்-6, ஹூண்டாயின் எஸ்பி-4, ஹோண்டாவின் டிடபிள்யூ-1 என்று பொருந்தும் பட்டியல் நீள்கிறது. இவ்வளவு நீண்ட பட்டியலைப் பார்த்தால் எனக்கு முதலில் ஐயமே வரும். எல்லாருக்கும் நல்லவன் என்று ஒருவர் சொல்லிக்கொள்வதைப் போலத்தான். ஆனாலும் சிவிடி (படிப்படியான கியர்களுக்குப் பதில் பெல்ட்டும் கப்பிகளும் கொண்ட கியர்பாக்ஸ்) வகைக்கும் இரட்டைக் கிளட்ச் வகைக்கும் இதை ஊற்றக் கூடாது என்று தயாரிப்பாளரே எழுதியிருப்பதால், எல்லை எது என்று அறிந்தவர் எழுதிய பட்டியல் இது என்ற நம்பிக்கை பிறக்கிறது. வயதான ரப்பர் சீல்களை இறுகவிடாமல் வைக்கும் சேர்மங்களும் இதில் உண்டு என்பதால், நெடுந்தூரம் ஓடிய வண்டிக்கு இது பொருத்தமான தேர்வு. ஓட்டும்போது கம்பெனி ஆயிலுக்கும் இதற்கும் வேறுபாடு சொல்ல என்னால் முடியவில்லை. உத்தரவாதம் மிச்சமிருக்கும் வண்டிக்கு மட்டும் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்; பிறகு பழுது வந்தால் வாதாடும் சுமை உரிமையாளர் தலையில்தான் விழும்.

டொயோட்டாவுக்குப் பல கியர்பாக்ஸ்களைச் செய்து கொடுக்கும் ஐசின் நிறுவனமும் தன் பெயரில் ஆயில் விற்கிறது. அவற்றுள் டபிள்யூஎஸ்ஸுக்கென்றே வந்த வகையும் உண்டு, பல வண்டிகளுக்குமான பொது வகையும் உண்டு. முதல் வகை கிடைத்தால் கம்பெனி ஆயிலுக்கு இணையாகவே கொள்ளலாம்.

விலை குறைவாக, 'டெக்ஸ்ரான்-3' என்று பெரிதாக அச்சிட்டு விற்கும் கேன்களைப் பற்றி ஒரே வரியில் முடித்துவிடலாம்: அந்தத் தரத்துக்கு ஜெனரல் மோட்டார்ஸ் உரிமம் வழங்குவது 2006-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது, அதன் பிறகு அந்தப் பெயரை எவரும் சரிபார்ப்பதில்லை. அதனுடன் ஒரு சிறு பாட்டில் சேர்மத்தைக் கலந்தால் டபிள்யூஎஸ் ஆகிவிடும் என்று சொல்லும் விற்பனைப் பேச்சையும் நான் ஏற்கவில்லை. சேர்மம் உராய்வை மாற்றலாம். அடிப்படை ஆயிலின் கனத்தை அது சரிசெய்யாது.

வாங்குமுன் வண்டியின் கையேட்டைப் பார்ப்பது அவசியம் என்பதற்கு டொயோட்டாவிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. கொரோலா ஆல்டிஸ் என்ற ஒரே பெயரில், பழைய தலைமுறை நான்கு கியர் தானியங்கிக்கு டபிள்யூஎஸ் ஆயில். 2014-ல் வந்த தலைமுறையின் பெட்ரோல் தானியங்கி சிவிடி என்பதால் அதற்கு முற்றிலும் வேறான சிவிடி ஆயில். வண்டியின் பெயரைச் சொல்லிக் கடையில் ஆயில் கேட்டால் தவறான கேன் கைக்கு வர இதுவே போதும். மாருதி செலேரியோவில் 2014-ல் தொடங்கி நம்மிடையே பரவிய ஏஎம்டி (கிளட்சையும் கியரையும் இயந்திரமே இயக்கும் வகை) வண்டிகளுக்கோ இந்த மதிப்பீடு பொருந்தவே பொருந்தாது. உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ், அதற்கு வேண்டியது மேனுவல் கியர் ஆயில்.

எப்போது மாற்றுவது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. சாதாரண ஓட்டத்துக்கு மாற்றவே வேண்டாம் என்ற தொனியில் பேசுபவர்கள் சர்வீஸ் நிலையங்களிலும் இருக்கிறார்கள். ஆனால் இழுவை வண்டி கட்டியோ கூரையில் பாரம் ஏற்றியோ ஓட்டுபவர்கள் 60,000 மைலில், அதாவது ஏறத்தாழ 96,000 கிலோமீட்டரில், மாற்ற வேண்டும் என்று அமெரிக்காவில் டொயோட்டாவே சொல்கிறது. ஏழு பேரையும் சாமான்களையும் ஏற்றிக் கோடையில் கொடைக்கானல் மலை ஏறும் கிரிஸ்டாவை நான் அந்தக் கணக்கில்தான் வைப்பேன்.

வடித்து ஊற்றும்போது பழைய ஆயிலில் ஒரு பகுதிதான் வெளியே வரும், மீதி டார்க் கன்வெர்ட்டருக்குள் தங்கிவிடும். இதற்காக இயந்திரம் வைத்து முழுவதையும் தள்ளி எடுக்கும் முறையைவிட, சில ஆயிரம் கிலோமீட்டர் இடைவெளி விட்டு இரண்டு முறை வடித்து ஊற்றும் முறையே எனக்கு உவப்பானது. முன்பு வந்த வேறொரு வண்டியின் ஆயில் அந்த இயந்திரத்தின் குழாயில் மிச்சமிருந்து நம் கியர்பாக்ஸில் கலக்கும் வாய்ப்பு இதில் இல்லை. கிரிஸ்டாவில் ஆயில் அளக்கும் குச்சி கிடையாது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, ஆயிலின் வெப்பம் 40 டிகிரியை ஒட்டி இருக்கும்போது வழிதிருகை (மிகுதி ஆயில் வழிந்து வெளியேறும் துளையின் திருகு) கழற்றி அளவு பார்க்க வேண்டும். கொதிக்கக் கொதிக்க வந்த வண்டியில் அளவு பார்த்து அனுப்பும் பட்டறையில் எவ்வளவு உயர்ந்த ஆயிலைக் கொடுத்தாலும் பயனில்லை. சூட்டில் விரிந்த ஆயில் அப்போதே வழிந்து போகும், ஆறியபின் பார்த்தால் அளவு குறைவாகவே இருக்கும்.

கீழ்த்தட்டைக் கழற்றும்போது உள்ளே இருக்கும் காந்தங்களை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். சாம்பல் நிறத்தில் மாவு போன்ற படிவு இருந்தால் அது இயல்பான தேய்மானம். துடைத்துவிட்டுப் புது ஆயிலை ஊற்றலாம். விரலில் குத்தும் உலோகச் சில்லுகள் இருந்தால், அல்லது வடித்த ஆயிலில் தீய்ந்த வாடை அடித்து வண்டியும் கியரில் வழுக்கினால், கேனை உடைக்காமல் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, கியர்பாக்ஸைப் பிரித்து வேலை செய்யத் தெரிந்த மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோங்கள்.