செக்கெண்ணெயா, ஸ்டெரால் மாத்திரையா, ஸ்டாட்டினா?

தர்மபுரிப் பக்கம் செக்குக் கடையில் நின்றால், "எங்க எண்ணெயில கொலஸ்ட்ரால் கிடையாதுங்க" என்ற பேச்சு காதில் விழும். பொய்யில்லை. ஆனால் ரேஷன் பாமாயிலிலும் அது கிடையாது. தாவரங்களில் கொலஸ்ட்ரால் பேருக்குத்தான் இருக்கும்; அங்கே நிறைய இருப்பது அதன் பங்காளியான ஸ்டெரால்.

பங்காளி என்றால் பாகத் தகராறு இல்லாமலா? குடலில் கொழுப்பைக் கரைத்துச் சுமக்கும் பித்தநீர்த் துளிகளில் ஸ்டெரால் இடம் பிடித்துக்கொள்ள, கொலஸ்ட்ராலில் ஒரு பகுதி உள்ளே ஏற முடியாமல் மலத்தோடு வெளியேறிவிடும். ஸ்டெராலும் ரத்தத்தில் அதிகம் சேராது. உள்ளே நுழைந்ததையும் குடல் செல்கள் பெரும்பாலும் திருப்பித் தள்ளிவிடும். நாளுக்கு 2 கிராம் ஸ்டெரால் சாப்பிட்டால் எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 8 முதல் 10 சதவீதம் இறங்கும். ஃபின்லாந்தில் இதன் நெருங்கிய வகையான ஸ்டனால் கலந்த மார்ஜரின் (வெண்ணெய்க்குப் பதிலாகத் தடவுவது) 1995-லேயே கடைக்கு வந்துவிட்டது.

அந்த 2 கிராம்தான் இடிக்கிறது. சாதாரணச் சாப்பாட்டில் 200 முதல் 400 மில்லிகிராம் வரைதான் கிடைக்கும். ஸ்டெரால் தாராளமாக உள்ள நல்லெண்ணெயிலேயே 2 கிராம் வேண்டுமென்றால் கால் லிட்டர் குடிக்க வேண்டும். அதில் 2,000 கலோரி! தவிட்டு எண்ணெயில் இதைவிடக் கொஞ்சம் கூடுதல். கடலை எண்ணெயில் நல்லெண்ணெயில் கால் பங்குதான். கடலையாகவே மென்றாலும் கிலோக் கணக்கில் போகும்.

அதற்காகச் செக்கெண்ணெய் வீண் என்று சொல்ல மாட்டேன். பாமாயிலில் கிட்டத்தட்டப் பாதி நிறைவுற்ற கொழுப்பு. கடலை எண்ணெயில் அது ஐந்தில் ஒரு பங்குக்குள் அடங்கும். பாமாயிலை விட்டு இதற்கு மாறினால் எல்டிஎல் குறையும், ஆனால் புகழ் ஸ்டெராலுக்குப் போகக் கூடாது. செக்கில் ஆட்டியதா, மில்லில் ஆட்டியதா என்பது இந்தக் கணக்கில் பெரிய விஷயமே இல்லை. கேழ்வரகுக் களியும் அப்படித்தான்: 100 கிராம் மாவில் சுமார் 11 கிராம் நார், வயிறும் நிறையும்; ஆனால் பெரும்பகுதி கரையாத நார் என்பதால் எல்டிஎல்லை அவ்வளவாக அசைக்காது. நார்தான் வழி என்றால் இசப்கோல் உமி (கரையும் நார்) நாளுக்கு 7 முதல் 10 கிராம் எடுக்கலாம். ஐந்தாறு சதவீதம் குறையும், விலையும் கட்டுப்படியாகும்.

சரி, டாக்டர்கள் கொலஸ்ட்ராலுக்கு எழுதித் தரும் ஸ்டாட்டின் மாத்திரை? எல்டிஎல் 160 இருப்பவருக்கு ஸ்டெரால் அதை 145 பக்கம் கொண்டுவரும். ஸ்டாட்டின் வகையான அடோர்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராமே 105 வரை இறக்கிவிடும். அதைவிட முக்கியம், 1994-இல் வெளியான 4எஸ் ஆய்வில் 4,444 இதய நோயாளிகளைக் கவனித்தபோது, ஸ்டாட்டின் எடுத்தவர்களிடம் இறப்பு 30 சதவீதம் குறைந்திருந்தது. ஸ்டெரால் மாரடைப்பைத் தடுக்கிறது என்று காட்டிய அப்படியொரு ஆய்வு கிடையாது. ரிப்போர்ட்டில் எண் இறங்குவது மட்டும்தான் நிரூபணமானது. மாரடைப்பு வந்தவர், சர்க்கரை நோயோடு எல்டிஎல்லும் ஏறியிருப்பவர், "இயற்கை" என்ற ஒரு சொல்லை நம்பி ஸ்டாட்டின் மாத்திரையை நிறுத்துவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத வியாபாரம்.

இரண்டும் சேரும்போது கதை வேறு. ஸ்டாட்டின் கல்லீரலில் உற்பத்தியைக் குறைக்கிறது, ஸ்டெரால் குடலில் வரவைக் குறைக்கிறது. ஸ்டாட்டின் அளவை இரட்டிப்பாக்கினால் கூடுதலாக 6 சதவீதம்தான் குறையும். அளவைக் கூட்டாமல் ஸ்டெராலைச் சேர்த்தாலே அதைவிடக் கொஞ்சம் அதிகம் கிடைக்கும். மருத்துவரைக் கேட்டுத்தான். என் கணக்கில் ஸ்டெராலுக்குச் சரியான இடம் இதுவும், மருந்து தேவைப்படாத எல்லைக்கோட்டு ஆட்களும்தான். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுபவர்களுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் வேண்டாம். உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டின் சேர்வதை ஸ்டெரால் கொஞ்சம் குறைக்கும். கிருஷ்ணகிரியில் மாம்பழ சீசனில் அது ஒரு கவலையே இல்லை, மற்ற மாதங்களில் பப்பாளி, கேரட், முருங்கைக்கீரை.

ஸ்டெரால் மாத்திரை வாங்குவதாக இருந்தால் டப்பாவின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் பாருங்கள். ஒரு மாத்திரையில் ஸ்டெரால் 400 மில்லிகிராம் என்றால் நாளுக்கு 5 வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் பலன் குறைவு. மதியம், இரவு என்று சாப்பாட்டோடு பிரித்துப் போட வேண்டும். ஒரு மாதச் செலவைப் பெருக்கிப் பார்த்துவிட்டுக் காசை நீட்டுங்கள்.