குரலைச் சரிசெய்கிறோம் என்று 18,500 ரூபாயைச் சுருட்டிவிட்டார்கள், உஷார்!

வயிறு எரிகிறது, அதான் எழுதுகிறேன். 18,500 ரூபாய்!

எனக்கு மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை. விடியுமுன் மல்லிகைக்கு விலை கூவ ஆரம்பித்தால் தொண்டைதான் முதலீடு. அது காலையில் கம்மிப்போய்க் கிடந்தது. எந்நேரமும் செருமல், எச்சில் விழுங்கினால் உருண்டை அடைத்த மாதிரி.

விளம்பரம் பார்த்து ஒரு 'குரல் சிகிச்சை' மையத்துக்குப் போனேன். வெள்ளைக் கோட்டு ஆசாமி வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தார். "குரல் நரம்பு காஞ்சு கிடக்குண்ணே. இன்னும் ஒரு மாசம் விட்டா பேச்சே போயிரும்." பயந்துவிட்டேன். உடனே என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கப்பாவும் பூ யாவாரந்தாண்ணே, உங்ககிட்டயா லாபம் பார்ப்பேன்?" என்றார். அப்புறம் என்ன, லேகியம், தைலம், புதினா மாத்திரை, மொத்தம் 18,500. ரசீது என்று கொடுத்த துண்டுச்சீட்டில் கடைப் பெயர்கூட இல்லை.

தொண்டை இன்னும் மோசமானது. கேட்டால் "நச்சு வெளியேறுதுண்ணே". திரும்பக் கேட்டால் "டாக்டர் கேம்ப் போயிருக்காரு". பணத்தைக் கேட்டதும் "ஹெட் ஆபீஸ்ல பேசிக்கங்க". இப்போது என் நம்பரையே பிளாக் செய்துவிட்டார்கள்.

காது மூக்கு தொண்டை மருத்துவர் மூக்கு வழியாக மெல்லிய கேமராக் குழாயை விட்டுத் திரையில் காட்டினார். குரல்நாண் வீங்கி, பின்பக்கம் செக்கச்செவேல் என்று இருந்தது. வயிற்று அமிலம் தொண்டைவரை ஏறுகிறதாம். நெஞ்செரிச்சலே வந்ததில்லையே என்றேன். பலருக்கு வராது, உணவுக்குழாய் ஓரளவு தாங்கும் அமிலத்தைக் குரல்வளை தாங்காது என்றார். ராத்திரி பரோட்டா சால்னாவுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரம் விடணும், கட்டிலின் தலைமாட்டை உயர்த்தணும். புதினா இரைப்பை வாயைத் தளர்த்தி அமிலத்தை மேலே ஏறவிடும் என்பதால் அந்த மாத்திரை எரிகிற தீயில் எண்ணெய்தான்.

இதைவிடக் கொடுமை, வாயில் டார்ச் அடித்தால் குரல்நாண் தெரியவே தெரியாதாம்! கண்ணாடியோ கேமராவோ வேண்டும். அப்படியென்றால் அந்த ஆள் எதைப் பார்த்தார்?

விவரமாக யோசனை சொல்லத்தான் உட்கார்ந்தேன், லோடு வந்துவிட்டது. குரல் கம்மல் மூன்று வாரம் தாண்டினால் தொண்டை மருத்துவரிடம் போங்க, அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் பார்க்கிறார்கள். டார்ச் ஆசாமிகளை நம்பாதீங்க. பெயர் போட்ட ரசீது இல்லாமல் காசு கொடுக்காதீங்க.

கேஸ் போடப்போவதால் இங்கே பெயரைச் சொல்லவில்லை. 1915 நுகர்வோர் எண்ணில் புகார் கொடுத்தாச்சு. புதினா மாத்திரை, அப்பா பூ யாவாரம் என்றதும் ஆள் யாரென்று பிடிபட்டவர்கள் உள்பெட்டிக்கு வாங்க, சேர்ந்தே மனு கொடுப்போம். 18,500 ரூபாயை விடுவதாக இல்லை.