டாலஸ் பக்கம் பார்பெக்யூ கிரில்லுக்கு கேஸ் லைன் இழுக்கப் போறவங்க தயவுசெஞ்சு இத படிச்சிட்டு அப்புறம் ஆளைக் கூப்பிடுங்க

பிளானோ, ஃபிரிஸ்கோ, இர்விங் பக்கம் இருக்கிற நம்மாளுங்களுக்காக இத எழுதுறேன். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுமையா படிங்க. எங்க வீட்ல பிள்ளைங்களோட சேத்து அஞ்சு பேர் இன்னைக்கு நல்லா இருக்கோம்னா அது எங்கம்மாவால தான், இல்லன்னா என்ன ஆகியிருக்கும்னு நெனச்சா இப்பவும் எனக்கு கை நடுங்குது.

ஏப்ரல்ல ஒரு பெரிய கடையில தள்ளுபடியில நாலு பர்னர் கிரில் ஒண்ணு வாங்கினோம். மணிக்கு 48,000 பி.டி.யூ. (சூட்டை அளக்குற அலகு). அது புரொபேன் மாடல், அதாவது 20 பவுண்ட் சிலிண்டர் மாட்டி ஓட்டுறது. எனக்கு சிலிண்டர் தூக்கிட்டு அலைய இஷ்டமில்ல, பாதி சிக்கன் வேகும்போது கேஸ் தீந்துபோற கதையெல்லாம் கேட்டிருக்கேன், வீட்லயே நேச்சுரல் கேஸ் லைன் இருக்கே, அதுல சேத்துடலாம்னு ஆசை. கடையில இருந்தவர்ட்ட கேட்டேன், "தாராளமா மாத்திக்கலாம், எந்த ஹேண்டிமேனும் பண்ணிடுவான்"னார், அதாவது வீட்டு ரிப்பேர் வேலை பாக்குற ஆளு. கிரில்லுக்குப் பின்னாடி ஒரு சின்ன தகடு ஒட்டியிருக்கும், எந்த கேஸ், எவ்வளவு பிரஷர்னு அதுல தெளிவா போட்டிருக்கும், அத நான் அன்னைக்கு குனிஞ்சு பாக்கவே இல்ல. பாத்திருந்தா "எல்பி கேஸ் மட்டும்"னு, அதாவது புரொபேன் மட்டும்னு, இருந்தது தெரிஞ்சிருக்கும்.

லைசென்ஸ் வச்சிருந்த பிளம்பர் ஒருத்தர் சிட்டி பெர்மிட்டோட சேத்து 1,100 டாலர் கேட்டார். அதிகமா பட்டுச்சு. அப்பதான் எங்க வாட்ஸ்அப் குரூப்ல ஒருத்தரோட நம்பர் போட்டாங்க, நல்லா பண்ணுவார், ரேட்டும் கம்மின்னு. போன் பண்ணா தமிழ்ல பேசுறார், 380 டாலர், சனிக்கிழமை வந்துடறேன் அண்ணான்னார். தமிழ்ல பேசுனதே எனக்குப் போதுமா இருந்துச்சு, லைசென்ஸ் இருக்கான்னு கேக்கணும்னு கூட தோணல.

வந்தவர் மீட்டர் பக்கமே போகல. நேரா கராஜுக்குள்ள போனார், வாட்டர் ஹீட்டருக்குப் போற அரை இஞ்ச் லைனை மூடிட்டு நடுவுல ஒரு டீ (லைனை ரெண்டா பிரிக்கிற T வடிவ ஜாயின்ட்) போட்டார், செங்கல் சுவத்துல ஓட்டை போட்டு ரப்பர் ஹோஸையே அந்த ஓட்டை வழியா வெளிய இருக்கிற பாட்டியோவுக்கு (திண்ணை மாதிரி எடம்) நுழைச்சுட்டார். வெளிய கிரில் பக்கத்துல ஒரு வால்வு வேணாமான்னு கேட்டேன். "கிரில்லயே நாப் இருக்குல்ல அண்ணா, எதுக்கு செலவு"ன்னார். பெர்மிட் பத்தி கேட்டதுக்கு "அதெல்லாம் புதுசா வீடு கட்டுறவங்களுக்கு"ன்னு சொல்லிட்டார். நானும் விட்டுட்டேன்.

பத்த வச்சா மெழுகுவத்தி மாதிரி தீ. அதுக்கு காரணம் பின்னாடிதான் எனக்குப் புரிஞ்சது. ஒரு கன அடி புரொபேன்ல சுமார் 2,500 பி.டி.யூ. இருக்கு, நேச்சுரல் கேஸ்ல சுமார் 1,000 தான். பிரஷரும் வேற, புரொபேன் கிரில்லுக்கு 11 இஞ்ச் வாட்டர் காலம் (கேஸ் பிரஷரை அளக்குற அலகு), வீட்டு நேச்சுரல் கேஸ் லைன்ல பொதுவா 7 இஞ்ச். அதனால புரொபேன் ஜெட்டோட (பர்னருக்குள்ள கேஸை விடுற சின்ன பித்தளை முனை) ஓட்டை பொடிசா இருக்கும், நேச்சுரல் கேஸுக்கு பெருசா இருக்கணும். கிரில் கம்பெனியே கிட் கொடுத்தா அதுல அளவு பாத்து செஞ்ச ஜெட்டு, ரெகுலேட்டர், ஹோஸ் எல்லாம் இருக்கும். கிட் இல்லாத மாடல்னா அத மாத்தவே கூடாது. இவர் என்ன பண்ணார்னா பர்னரைக் கழட்டி ஜெட்டை உருவி கையில புடிச்சிக்கிட்டே ட்ரில் பிட்டால ஓட்டையைப் பெருசு பண்ணார், நாலையும். பித்தளைத் தூள் என் பாட்டியோ டேபிள் மேல கொட்டிக் கிடந்துச்சு, நான் பக்கத்துல நின்னு காபி கொடுத்திட்டிருக்கேன். லீக் டெஸ்ட்டுக்கு ஜாயின்ட் கிட்ட மூக்க வச்சு மோந்து பாத்தார், "சூப்பர் அண்ணா"ன்னார். பணம் பேங்க் ஆப்ல இருந்து நேரா அவருக்கு அனுப்பிட்டேன், ரசீது கிடையாது.

அடுத்த வாரத்துல இருந்தே சரியில்ல. தீ நீலமா நிக்காம மஞ்சளா நாக்கு நீட்டிட்டு ஆடுது, மூடியோட உள்பக்கம் பூரா கரி, சிக்கன் மேல கையை வச்சா விரல்ல மை மாதிரி ஒட்டுது. மஞ்சத் தீன்னா கேஸ் முழுசா எரியலன்னு அர்த்தம், கார்பன் மோனாக்ஸைடு வரும். கிரில் ஓடும்போது யாராவது குளிக்கப் போனா தண்ணி வெதுவெதுப்பா தான் வருது. போன் பண்ணேன், "பர்னர் புதுசு அண்ணா, போகப் போக செட் ஆயிடும்"னார். ரெண்டாவது தடவை மெசேஜ் பண்ணப்ப கட்டைவிரல் மட்டும் அனுப்பினார்.

ஜூன்ல ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி, மணி ஒம்பதரை இருக்கும். ஆறு மாசத்துக்கு திருச்சியில இருந்து வந்திருந்த அம்மா, அடுத்த நாளைக்கு இட்லிக்கு ஊறப்போட அரிசி எடுக்க கராஜ் கதவைத் திறந்தாங்க. உள்ள கால் வைக்கல, லைட்டு போடல, அப்படியே கதவைச் சாத்திட்டு "டேய், கேஸ் நாத்தம்டா"ன்னு கத்துனாங்க. நான் ஓடிப்போய் கதவைத் திறந்து, காத்து வரட்டும்னு சுவத்துல இருக்கிற கராஜ் ஓப்பனர் பட்டனை அமுக்க கை நீட்டுறேன், அம்மா என் மணிக்கட்டைப் புடிச்சு இழுத்தாங்க. "சுவிட்சைத் தொடாதடா பாவி, பிள்ளைங்கள தூக்கிட்டு வாசலுக்கு வா." நாப்பது வருஷமா ராத்திரி படுக்கும்போது சிலிண்டர் ரெகுலேட்டரை மூடிட்டுத்தான் படுப்பாங்க, கேஸ் நாத்தம் வந்தா சுவிட்சைத் தொடக்கூடாதுங்கிறது அவங்களுக்கு கையிலயே பழகினது. ஓப்பனர்ல மோட்டார் இருக்கு, அதுல வர்ற ஒரு பொறி போதும். நான் கம்ப்யூட்டர்ல வேலை பாக்குறவன், எனக்கு அந்த நேரத்துல அது தோணவே இல்ல.

முன்வாசல் வழியா வெளிய வந்து நாலு வீடு தள்ளி நின்னு கேஸ் கம்பெனியோட லீக் நம்பருக்குப் போன் பண்ணோம். அதுக்கு காசு கிடையாது, ராத்திரி எந்நேரமும் வருவாங்க, இது நிறைய பேருக்குத் தெரியல. போன் கூட வீட்டுக்குள்ள இருந்து பண்ணக்கூடாது, வெளிய வந்துதான் பண்ணணும். அரை மணி நேரத்துல டெக்னீஷியன் வந்தார், கையில டிடெக்டர், மொதல்ல மீட்டர்ல கேஸை மூடினார். கராஜ் மேல் பக்கம் டிடெக்டர் கத்துன கத்து தெருவரைக்கும் கேட்டுச்சு. அம்மா தரைப் பக்கம் தானே தேங்கும்னு கேட்டாங்க, நம்மூர் சிலிண்டர் கேஸ் காத்த விட கனம், கீழ இறங்கும், நேச்சுரல் கேஸ் லேசு, மேல ஏறும்னு அவர் சொன்னார். எங்க வீட்ல கராஜுக்கு மேல அட்டிக் (கூரைக்கு அடியில பரண்), அட்டிக்ல ஃபர்னஸ், அதான் வீட்டை சூடாக்குற கேஸ் ஹீட்டர். நல்ல வேளை ஜூன் மாசம், ஹீட்டர் ஓடல.

கராஜெல்லாம் காத்தாட விட்டப்புறம் ஒரு நிமிஷம் மட்டும் கேஸைத் திறந்து, பாத்திரம் கழுவுற சோப்பைத் தண்ணியில கலந்து அந்த டீ மேல பிரஷ்ஷால தடவினார். டார்ச் வெளிச்சத்துல நான் குனிஞ்சு பாத்தேன். ஒரு பக்கம் சின்ன சின்ன முட்டையா வந்துச்சு, இன்னொரு பக்கம் பெரிய முட்டை ஒண்ணு ஊதி உடைஞ்சு, அதே எடத்துல மறுபடி ஊதி உடைஞ்சுது. அதுக்குப் பக்கத்துல, ஒண்ணரை அடி தூரத்துல வாட்டர் ஹீட்டரோட தீ எரிஞ்சிட்டிருந்துச்சு அவ்வளவு நாளும். மறுபடி மூடி, கேஸைத் திறக்கக் கூடாதுங்கிறதுக்கு அடையாளமா சிவப்பு டேக் கட்டிட்டுப் போயிட்டார்.

ஹேண்டிமேனுக்குப் போன் பண்ணேன். "சின்ன லீக் தானே அண்ணா, டேப் சுத்திருந்தா போதும், எதுக்கு கேஸ் கம்பெனியக் கூப்பிட்டீங்க"ன்னு என்னைத்தான் கோவிச்சார். அதுக்கப்புறம் என் நம்பரை பிளாக் பண்ணிட்டார்.

சிவப்பு டேக் விழுந்துட்டா லைசென்ஸ் பிளம்பர் வந்து சரி பண்ணி, பிரஷர் டெஸ்ட் பண்ணி, சிட்டி இன்ஸ்பெக்டர் பாத்து ஓகே சொன்னாதான் கேஸ் திரும்ப வரும். நாலு நாள் சுடுதண்ணி இல்ல, அடுப்பும் இல்ல, இண்டக்ஷன்லயே ஓட்டினோம். மொதல்ல 1,100 கேட்ட அதே பிளம்பரைத்தான் கூப்பிட்டேன். அவர் ஒவ்வொண்ணா கழட்டி காமிச்சார். பைப் மரையில தண்ணிக் குழாய்க்கு சுத்துற மெல்லிசு வெள்ளை டேப், கேஸுக்குன்னு தடிமனா மஞ்ச டேப் தனியா இருக்கு. ஹோஸ் முனையில ஃப்ளேர் ஜாயின்ட், அதுல டேப்பே போடக்கூடாதாம், அங்க அடைக்கிறது மரை இல்ல, பித்தளை முனையோட சரிவு இன்னொரு சரிவு மேல உக்கார்றதுதான். அதுலயும் ரெண்டு சுத்து வெள்ளை டேப். ஹோஸை சுவத்து வழியா விடவே கூடாது, வெளிய கிரில்லுக்கு ஆறடிக்குள்ள ஒரு வால்வு கட்டாயம். அப்புறம் கிரில் வந்த அட்டைப்பெட்டி மேலயே பேனாவால கணக்கு போட்டார். 40 அடி போற அரை இஞ்ச் இரும்பு பைப்ல மணிக்கு சுமார் 80,000 பி.டி.யூ. தான் வரும், வாட்டர் ஹீட்டர் 40,000, கிரில் 48,000, கூட்டிப் பாருன்னார். சுடுதண்ணி ஏன் வரலன்னு அப்பதான் தெரிஞ்சது. அந்த அட்டைய நான் இன்னும் தூக்கிப் போடல.

அவர் தான் நியூ லண்டன் ஸ்கூல் பத்தி சொன்னார். நம்ம டெக்சாஸ்லயே, இங்கிருந்து கிழக்க ரெண்டு மணி நேரம் போனா அந்த ஊரு. செலவைக் குறைக்க ஸ்கூல் நிர்வாகம் பக்கத்துல போன கேஸ் பைப்ல தட்டி லைன் எடுத்திருக்காங்க. அந்த கேஸுக்கு வாசனையே கிடையாது. 1937 மார்ச் 18, லீக்கான கேஸ் தரைக்கு அடியில சேந்து வெடிச்சு கிட்டத்தட்ட 300 பிள்ளைங்களும் டீச்சர்களும் போயிட்டாங்க. அதுக்கப்புறம் தான் டெக்சாஸ்ல கேஸ்ல நாத்தம் சேக்கணும்னு சட்டமே வந்துச்சாம். அம்மாட்ட சொன்னேன், ரொம்ப நேரம் ஒண்ணுமே பேசல.

இப்ப மீட்டர்ல இருந்து தனியா முக்கால் இஞ்ச் லைன் போட்டாச்சு. கேஜ் மாட்டி குறைஞ்சது 3 பி.எஸ்.ஐ. பிரஷர் ஏத்தி 10 நிமிஷம் முள்ளு அசையாம நிக்கணும், என்னை பக்கத்துல நிக்க வச்சே காமிச்சார். மொத்தம் 1,640 டாலர். கிரில்லை கடை திரும்ப எடுக்கல, ஜெட்டுல கை வச்சதால வாரண்ட்டி போச்சு. அத யாருக்கும் சும்மா கூட கொடுக்கல, ஏன்னா விவரம் தெரியாம யாராவது சிலிண்டர் மாட்டினா அந்த பெரிய ஓட்டையில தீ எகிறி அடிக்கும். பர்னரையெல்லாம் உடைச்சு இரும்புக்குப் போட்டுட்டேன்.

டெக்சாஸ்ல உங்க சொந்த வீட்ல நீங்களே செஞ்சுக்கலாம், ஆனா காசு வாங்கிட்டு கேஸ் பைப் வேலை செய்யறவருக்கு பிளம்பிங் லைசென்ஸ் இருக்கணும். டெக்சாஸ் ஸ்டேட் போர்டு ஆஃப் பிளம்பிங் எக்ஸாமினர்ஸ் சைட்ல பேரோ நம்பரோ போட்டா ஒரு நிமிஷத்துல காட்டும். புதுசா கிரில் வாங்குறவங்க நேச்சுரல் கேஸ் மாடலாவே கேட்டு வாங்குங்க. தோட்டத்துல பைப் பதிக்கிறதா இருந்தா தோண்டுறதுக்கு முன்னாடி 811-க்கு போன் பண்ணுங்க, மண்ணுக்கடியில போற லைனையெல்லாம் அடையாளம் போட்டுக் கொடுக்க ஏற்பாடு பண்ற நம்பர், அதுவும் இலவசம் தான்.

நான் இத எழுதக் காரணம், போன வாரம் வேற ஒரு குரூப்ல அதே நம்பரை யாரோ மறுபடி ஷேர் பண்ணியிருந்தாங்க, கீழ ஏழெட்டு பேர் தேங்க்ஸ் போட்டிருந்தாங்க. பேர் இங்க போடல. கராஜ்ல டீ போட்டு, சுவத்து ஓட்டை வழியா ஹோஸ் விட்டு, ஜெட்டை ட்ரில் பண்ணிக் கொடுத்த ஆள்னா அவரேதான், உங்க வீட்லயும் வெள்ளை டேப் தெரியுதான்னு பாருங்க, தெரிஞ்சா கிரில்லைப் பத்த வைக்காம பிளம்பரைக் கூப்பிடுங்க. நாத்தம் வந்தா எதையும் தொடாம வெளிய வந்துடுங்க. நம்பர் சரிபாக்கணும்னா எனக்கு தனியா மெசேஜ் பண்ணுங்க, ராத்திரி எந்நேரம்னாலும் பரவால்ல.