வோல்வோ சி40 ரீசார்ஜ்: சாலைக்கு வருமுன்பே ஏறிவிடும் கரிமக் கடன்

மின்சாரக் காரை மதிப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் அதன் வேகம், ஒரு முறை மின்னேற்றினால் ஓடும் தூரம், உள்ளிருக்கும் வசதிகள் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வோல்வோ சி40 ரீசார்ஜ் காரை வேறொரு கோணத்திலும் மதிப்பிட முடியும். அதற்கு வேண்டிய தரவுகளை, காரைத் தயாரித்த நிறுவனமே பொதுவெளியில் வைத்திருக்கிறது. கிளாஸ்கோவில் காலநிலை மாநாடு நடந்துகொண்டிருந்த 2021 நவம்பரில் வெளியான அந்தக் கரிமத் தட அறிக்கை, சுரங்கத்திலிருந்து தாது எடுப்பது தொடங்கி, ஓடி முடித்த காரை உடைத்துப் பிரிப்பது வரை, ஒவ்வொரு கட்டத்திலும் வெளியாகும் பசுமைக்குடில் வாயுக்களைக் கணக்கிடுகிறது. பின்னர் இசி40 என்று பெயர் மாற்றப்பட்ட இந்தக் காரை வாங்க நினைப்பவர்கள் விளம்பரக் கையேட்டைப் புரட்டுவதற்கு முன் இந்த அறிக்கையைப் படிப்பது நல்லது.

அறிக்கையின் முதல் சிறப்பு, ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட கார் எது என்பதில் இருக்கிறது. கனமான பெட்ரோல் கார் ஒன்றைத் தேடிப்பிடித்து எதிரில் நிறுத்தாமல், ஒரே அடித்தளத்தில் கட்டப்பட்ட, ஏறத்தாழ அதே அளவுள்ள எக்ஸ்சி40 பெட்ரோல் காரையே நிறுத்தியிருக்கிறார்கள். அதன் விளைவு மின்சாரக் காருக்கு உடனடியாகச் சாதகமாக அமையவில்லை. பெட்ரோல் கார் தொழிற்சாலையை விட்டு வெளியே வரும்போது அதன் கணக்கில் 16 டன்னுக்குச் சற்றுக் குறைவான கரியமில வாயு இருக்கிறது என்றால், சி40 காரின் கணக்கில் 26 டன்னுக்கும் மேல் இருக்கிறது. ஏறக்குறைய 70 சதவீதம் அதிகம். தன் பொருளைப் பற்றி ஒரு நிறுவனம் இப்படி ஓர் எண்ணை மறைக்காமல் அச்சிட்டது மனதாரப் பாராட்ட வேண்டிய செயல்.

அந்த 26 டன் எங்கிருந்து வருகிறது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மின்கலத் தொகுதிகளுக்கு மட்டும் 7 டன். பழியை முழுவதும் மின்கலத்தின் மேல் போடுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் மின்கலத்தையும் சேர்த்த பொருள் உற்பத்தியில் அதன் பங்கு 28 சதவீதம் என்றால், அலுமினியத்தின் பங்கு அதற்குக் குறையாமல் 30 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. தாதுவிலிருந்து ஒரு கிலோ அலுமினியத்தைப் பிரிக்க 13 முதல் 15 யூனிட் மின்சாரம் செலவாகிறது என்பதை நினைத்துப் பார்த்தால் இதில் வியப்பில்லை. அதே சமயம், வோல்வோவின் சொந்த ஆலைகளில் நடக்கும் வேலைகளுக்கான பங்கு ஒன்றரை டன் அளவுக்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே, பெங்களூரை அடுத்த ஹொசகோட்டேயில் பாகங்களைப் பொருத்தி உருவாக்கப்பட்டு 2023 செப்டம்பரில் 61.25 லட்சம் ரூபாய் ஷோரூம் விலையில் இந்தியாவில் அறிமுகமான காருக்கும், பெல்ஜியத்தின் கென்ட் ஆலையில் உருவான காருக்கும் இந்தக் கணக்கில் பெரிய வேறுபாடு இருக்க வாய்ப்பில்லை. அலுமினியம் எந்த மின்சாரத்தில் உருக்கப்பட்டது, மின்கலச் செல்கள் எங்கே தயாராயின என்பவைதாம் எண்ணைத் தீர்மானிக்கின்றன.

இனி ஓட்டத்துக்கு வருவோம். 2,00,000 கி.மீ. ஓடி முடிக்கும்போது பெட்ரோல் காரின் மொத்தத் தடம் 59 டன். சி40 காருக்கோ விடை ஒன்றல்ல, மூன்று. காற்றாலை மின்சாரம் மட்டும் ஏற்றினால் 27 டன், ஐரோப்பிய மின்தொகுப்பின் சராசரிக்கு 42, உலகச் சராசரிக்கு 50. பெட்ரோல் காரைவிட உற்பத்தியில் கூடுதலாக ஏறிய கரிமக் கடன் முறையே 49,000, 77,000, 1,10,000 கி.மீ. ஓடிய பிறகே தீர்கிறது. அதுவரை பெட்ரோல் கார்தான் குறைந்த தடத்தோடு முன்னால் நிற்கிறது.

இந்திய மின்தொகுப்புக்கு என்று அறிக்கையில் தனி எண் இல்லை. மத்திய மின்சார ஆணையத்தின் தரவுப்படி நம் மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. நூறு கிலோமீட்டருக்கு 20 யூனிட் செலவாகும் என்று வைத்துக்கொண்டு தோராயமாகப் போட்டுப் பார்த்தால், கடன் தீரும் தூரம் 1,40,000 கி.மீ.-ஐத் தாண்டுகிறது. மின்கடத்தல் இழப்பைச் சேர்த்தால் அது இன்னும் தள்ளிப்போகும்.

குறைகளும் உண்டு, அவை சிறியவை அல்ல. அறிக்கை கரிமத்தை மட்டுமே அளக்கிறது. கோபால்ட், லித்தியம் எடுக்கும் நிலங்களில் தண்ணீருக்கும் மண்ணுக்கும் நேர்வதும், கனமான காரின் டயர் தேய்ந்து காற்றில் கலக்கும் துகள்களும் அதன் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. வாழ்நாள் மதிப்பீட்டுக்கான ஐஎஸ்ஓ 14040 நெறிமுறை இத்தகைய தாக்கங்களையெல்லாம் அளக்க இடமளிக்கும்போது, ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டது போதாது. மின்செலவும் ஆய்வகச் சோதனைச் சுழற்சியின் அளவீட்டிலிருந்தே எடுக்கப்பட்டிருக்கிறது. சித்திரை வெயிலில் குளிரூட்டியை முழு வேகத்தில் வைத்து, நெரிசலில் ஊர்ந்து செல்லும் காரின் செலவு அதோடு ஒத்துப்போகாது. காருக்கு ஒரே மின்கலம்தான் கணக்கில் வருகிறது. இடையில் மாற்ற நேர்ந்தால் மேலும் 7 டன் ஏறும்.

இவ்வளவையும் வைத்துப் பார்க்கையில், வீட்டுக் கூரையில் சூரிய மின்தகடு வைத்திருப்பவர், அதிலிருந்தே பகலில் மின்னேற்றி, ஆண்டுக்கு 20,000 கி.மீ. அளவில் ஓட்டுபவர் என்றால், சூழலை முன்னிட்டு இந்தக் காரைத் தயங்காமல் வாங்கலாம்; கூடுதல் கடன் மூன்றாண்டுகளுக்குள் தீர்ந்துவிடும். வீட்டில் ஏற்கெனவே ஒரு கார் இருக்க, வாரக்கடைசியில் மட்டும் எடுப்பதற்காக இரண்டாவது காராக இதை வாங்கி, வழக்கமான மின்தொகுப்பிலிருந்து ஏற்றுபவர் சூழலைக் காரணம் காட்ட இந்த அறிக்கையில் ஆதாரம் இல்லை. அவர் ஆண்டுக்கு 5,000 கி.மீ. ஓட்டினால், உலகச் சராசரி மின்சாரத்திலேயே கூட, அந்தக் கடன் தீர இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.